தூண்டிற் கடிதம்

கொள்வோனும் கொடுப்போனும் நேருக்கு நேர் நின்று, பொருளைத் தொட்டுப் பார்த்து, விலை பேசி, காசை எண்ணிக் கொடுத்த காலத்திலும் வஞ்சகம் இருந்தது. ஆயினும் அதற்கு ஓர் எல்லை இருந்தது. கலப்படம் செய்த வியாபாரியின் முகம் தெரியும். அவன் கடை தெரியும். அடுத்த சந்தை நாளில் அவனைத் தேடிப் பிடித்து நியாயம் கேட்கலாம். தபால் மூலம் பொருள் தருவிக்கும் வழக்கம் வந்தபின் அந்த எல்லை சற்றே விரிந்தது. விளம்பரத்தை நம்பி வி.பி. பொதியிற் கைக்கடிகாரம் தருவித்தவர், காசைக் கட்டிப் பொதியைப் பிரித்தபோது உள்ளே ஓட்டுத்துண்டைக் கண்டு திகைப்பதும் அக்காலத்தில் நடக்கக்கூடியதே. எனினும், அங்கும் போனது அந்த ஒரு பொதியின் விலை மட்டுமே. இன்று இணையத்தின் வழியாக நடைபெறும் கொள்வனவில் வஞ்சகனின் முகமும் தெரியாது; அவன் இருக்கும் நாடும் தெரியாது; போவதும் ஒரு பொதியின் விலை அன்று. வங்கிக் கணக்கில் உள்ள தொகை முழுவதும் சில நிமிடங்களிற் போய்விடக்கூடும்.

வன்னிப் பெருநிலத்தில் இந்த மாற்றம் மிகவும் விரைவாக நிகழ்ந்தது. 1990களில் மின்கலமும் மண்ணெண்ணெயுமே கட்டுப்பாட்டுக்குரிய பொருட்களாக இருந்த நிலம் அது. 2006 ஓகஸ்ட் மாதத்தில் முகமாலையில் ஏ9 வீதி மூடப்பட்டது. 2009 மே மாதத்திற் போர் முடிவுற்றபோது, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் மக்கள் வீடு வாசல்களை இழந்து முகாம்களில் இருந்தார்கள். மீள்குடியேறிய பின் வீதி திறந்தது, மின்சாரம் வந்தது, வங்கிக் கிளைகள் வந்தன, 2013 செப்டெம்பரிற் புகையிரதம் கிளிநொச்சியை அடைந்தது. வீட்டுத் தொலைபேசியை ஒருபோதும் காணாத குடும்பங்கள் நேரே கைத்தொலைபேசிக்கு வந்தன. காசோலை எழுதியறியாத கைகள் வங்கி அட்டையைப் பிடித்தன. ஏனைய ஊர்கள் ஒவ்வொரு படியாக ஏறிய மாடியில் வன்னி மக்கள் பல படிகளை ஒரே தாவலில் தாண்டி ஏற நேர்ந்தது. தாண்டிய படிகளிற் கற்றிருக்க வேண்டியவற்றைக் கற்பதற்கு அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

இணைய வணிகத்தினால் அவர்களுக்கு நன்மை உண்டென்பதில் ஐயமில்லை. கிளிநொச்சியிலிருந்து கொழும்பு 300 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ளது. துணுக்காயில் இருக்கும் கமக்காரன் நீரிறைக்கும் இயந்திரத்தின் உதிரிப்பாகம் ஒன்றுக்காக ஒரு நாள் வேலையை விட்டுப் பேருந்தில் அலைய வேண்டியதில்லை. ஒட்டுசுட்டானில் உள்ள தாய் பிள்ளைக்குரிய சப்பாத்தையும் கணக்கியற் புத்தகத்தையும் வீட்டு வாசலிலேயே பெற்றுக்கொள்ளலாம். இலண்டனிலோ தொரந்தோவிலோ இருக்கும் மகன், ஊரிலுள்ள பெற்றோருக்கு வேண்டிய பொருளை அங்கிருந்தே கட்டளையிட்டு அனுப்பலாம். ஆகவே இணையக் கடையை வெறுத்து ஒதுக்கவேண்டும் என்பது இங்கே கருத்தன்று. வாய்க்கால் வெட்டினால் நீர் மட்டும் வராது. நீரோடு பாம்பும் வரும். பாம்பை அறிந்துகொண்டு நீரைப் பாய்ச்சுவதே கமக்காரனின் திறமை.

இவ்வஞ்சகத்துக்கு ஆங்கிலத்தில் ‘பிஷிங்’ என்று பெயர். மீன்பிடித்தலைக் குறிக்கும் சொல்லின் முதலெழுத்தை மாற்றி, ஒலியை மாற்றாமல் ஆக்கிக்கொண்ட பெயர் அது. 1990களின் நடுப்பகுதியில், அமெரிக்காவில் இணையச் சேவையொன்றைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்நிறுவனத்தின் ஊழியர் எழுதுவதுபோற் கடிதம் எழுதி, அவர்களின் கடவுச்சொல்லைக் கேட்டுப் பறித்தவர்கள் இதைத் தொடக்கி வைத்தனர். முல்லைத்தீவுக் கடற்கரையில் வாழ்வோருக்கு இப்பெயரின் பொருத்தத்தை விளக்க வேண்டியதில்லை. கரைவலை இழுப்பவன் இந்த மீன் வேண்டும் என்று பார்ப்பதில்லை, வலையை அகல விரித்து இழுக்கிறான், அகப்பட்டது அவனுக்கு. தூண்டில் போடுபவனோ மீனின் இனத்தை அறிந்து அதற்கு விருப்பமான இரையைக் கோக்கிறான். பொய்க்கடிதங்களும் இவ்விரு வகையின. ஒரே கடிதத்தை இலட்சக்கணக்கானோருக்கு அனுப்புவது ஒரு வகை. ஒருவரின் பெயர், தொழில், அவர் வாங்கும் பொருள் ஆகியவற்றை முகநூல் போன்ற இடங்களில் அறிந்துகொண்டு, அவருக்கென்றே எழுதி அனுப்புவது மற்றொரு வகை.

எடுத்துக்காட்டாக, புதுக்குடியிருப்பிலே தையற்தொழில் செய்து பிள்ளைகளை வளர்க்கும் ஒருத்தியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவள் இணையக் கடையொன்றில் நூற்கட்டைகளும் சரிகைக்கரையும் வேண்டுமென்று கட்டளையிட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் அவளுக்கு ஒரு மின்னஞ்சல் வருகிறது. ‘உங்கள் பொதி வந்து சேர்ந்துள்ளது. முகவரி முழுமையாக இல்லாமையால் ஒப்படைக்க முடியவில்லை. 85 ரூபா செலுத்தி முகவரியைத் திருத்துக. 24 மணி நேரத்துள் செய்யாவிடிற் பொதி திருப்பி அனுப்பப்படும்’ என்று அதில் எழுதியிருக்கிறது. மேலே தபால் இலச்சினை காணப்படுகிறது. கீழே, தொட்டால் திறக்கும் இணைப்பு ஒன்று இருக்கிறது.

எண்பத்தைந்து ரூபாவுக்காக யார் யோசிப்பார்கள்? அவள் இணைப்பைத் தொடுகிறாள். வங்கி அட்டையின் இலக்கம், அது காலாவதியாகும் திகதி, அட்டையின் பின்புறத்திலுள்ள மூன்று இலக்கங்கள் ஆகியவற்றைக் கேட்ட இடத்திற் பதிகிறாள். உடனே வங்கியிலிருந்து ஒருமுறைக் கடவுச்சொல் ஒன்று குறுஞ்செய்தியாக அவள் கைத்தொலைபேசிக்கு வருகிறது. அந்தக் குறுஞ்செய்தியில், எந்தக் கடைக்கு எவ்வளவு தொகை செலுத்தப்படப்போகிறது என்பதும் எழுதியிருக்கிறது. அவள் அதைப் படிக்கவில்லை. ஆறு இலக்கங்களை மட்டும் பார்த்துப் பதிகிறாள். கிணற்றை ஆழமாக்குவதற்கென்று சுவிற்சர்லாந்திலிருந்து தமையன் அனுப்பிய பணம் அன்று மாலையே கணக்கில் இல்லை.

அவள் பொருள் வாங்கியது கள்வனுக்கு எவ்வாறு தெரிந்தது என்று கேட்கத் தோன்றும். அவனுக்கு அது தெரியாது. இந்த இடத்தை நன்கு விளங்கிக்கொள்ள வேண்டும். அவன் அதே கடிதத்தை எண்ணிறந்தோருக்கு அனுப்பியிருக்கிறான். அவர்களிற் பெரும்பாலோர் எந்தப் பொதியையும் எதிர்பார்க்கவில்லை. எனவே அதைப் பொருட்படுத்தாமல் விட்டுவிட்டார்கள். ஆனால் அத்தனை பேருள், பொதியொன்றை எதிர்பார்த்து வழிபார்த்திருக்கும் சிலர் நிச்சயமாக இருப்பார்கள். அந்தச் சிலருக்கு அக்கடிதம் தமக்கென்றே எழுதப்பட்டதுபோலத் தோன்றும். ‘என் பொதியைப் பற்றித் தெரிந்தவனே இதை எழுதியிருக்கவேண்டும்’ என்ற எண்ணமே அவர்களை வீழ்த்துகிறது. கடிதம் நேரத்துக்குப் பொருந்தி வருவது அதன் உண்மைக்குச் சான்றாகாது.

இது கற்பனையான பெண்ணின் கதையாயினும் கற்பனையான வஞ்சகம் அன்று. இலங்கைத் தபால் திணைக்களத்தின் பெயரையும் இலச்சினையையும் பயன்படுத்தி, பொதிக்குப் பணம் கட்டுமாறு கூறி அட்டை விபரங்களைத் திருடும் போலிச் செய்திகள் அண்மை ஆண்டுகளில் நாடெங்கும் பரவின. அவற்றை நம்ப வேண்டாம் என்று தபால் திணைக்களமே 2024ஆம் ஆண்டிற் பொதுமக்களை எச்சரித்தது. கள்வர் தபாலின் பெயரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலன்று. வெயிலிலும் மழையிலும் துவிச்சக்கரவண்டியில் வந்து கடிதம் கொடுத்த தபாற்காரர்மீது மக்கள் வைத்த நம்பிக்கை பல தலைமுறைகளுக்கு உரியது. அந்த நம்பிக்கையையே கள்வன் முதலாக இட்டு வியாபாரம் செய்கிறான். பொதிக்கு ஏதேனும் கட்டணம் உண்டோ என்ற ஐயம் எழுந்தால், அதை ஊர்த் தபாற்கந்தோரில் நேரிற் சென்று கேட்டறிவதே தகும்.

பொதிக்கடிதம் தவிர வேறு வேடங்களும் உள. ‘நீங்கள் ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபாவுக்குத் தொலைபேசி வாங்கியமைக்கு நன்றி, நீங்கள் வாங்கவில்லையாயின் இங்கே தொட்டு இரத்துச் செய்க’ என்பது ஒன்று. வாங்காத பொருளுக்குப் பணம் போய்விட்டதோ என்ற பதற்றத்தில் மனிதர் தாமே சென்று வலையில் விழுவர். ‘உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, கடவுச்சொல்லைப் புதுப்பிக்குக’ என்பது மற்றொன்று. ‘எமது நிறுவனத்தின் ஆண்டு விழா, மூன்று கேள்விகளுக்கு விடையளித்துப் பரிசு பெறுக, இதனைப் பத்து நண்பர்களுக்கு அனுப்புக’ என்று வட்ஸ்அப் மூலம் வருவது வேறொன்று. இது மிகவும் கொடியது. ஏனெனிற் கள்வனின் கடிதத்தை உறவினர் கையாலேயே உறவினருக்குச் சேர்ப்பிக்கிறது.

வாங்குவோரை மட்டுமன்றி விற்போரையும் இவ்வஞ்சகம் விடுவதில்லை. பழைய உழவு இயந்திரப் பெட்டியை விற்பதற்கு இணையத்தில் விளம்பரம் இட்டவருக்கு ஒருவன் எழுதுகிறான்: ‘பணம் அனுப்பிவிட்டேன், பெற்றுக்கொள்ள இந்த இணைப்பில் உங்கள் அட்டை விபரங்களைப் பதிக’ என்று. பணம் பெறுவதற்குக் கணக்கு இலக்கமும் பெயரும் வங்கிக் கிளையும் போதும். இரகசிய இலக்கமோ ஒருமுறைக் கடவுச்சொல்லோ பணம் கொடுப்பதற்கே வேண்டியவை. பெறுவதற்கு அவற்றைக் கேட்பவன் எடுப்பதற்கே கேட்கிறான்.

இனி, பொய்க்கடிதத்தை அடையாளம் காணும் முறைகளைக் கவனிக்கலாம். முதலாவது, அனுப்பியவர் யார் என்பது. கடித உறையின் பின்புறத்தில் எவரும் எந்தப் பெயரையும் எழுதலாம். மின்னஞ்சலின் மேற்புறத்திற் காணும் பெயரும் அவ்வாறானதே. கடையின் பெயரோ வங்கியின் பெயரோ அங்கே இருப்பதனால் ஒன்றும் நிரூபணமாகாது. அப்பெயரைத் தொட்டால், அதன் பின்னாலுள்ள முழு மின்னஞ்சல் முகவரி தெரியும். உறையின் மீதுள்ள தபால் முத்திரை, கடிதம் எந்த ஊரிற் சேர்க்கப்பட்டது என்று காட்டுவதுபோல, அம்முகவரி சிலவேளை உண்மையைக் காட்டிக்கொடுக்கும். ஆயினும் தேர்ந்த கள்வன் முத்திரையையும் போலியாகக் குத்துவான் ஆதலால், இதை மட்டும் நம்பி இருத்தல் ஆகாது.

இரண்டாவது, இணைப்பின் முகவரி. இதனைக் கிளிநொச்சி மக்கள் எளிதில் விளங்கிக்கொள்ளலாம். ‘கண்டி வீதி, கிளிநொச்சி’ என்று எழுதிய கடை கண்டியில் இருப்பதில்லை, கிளிநொச்சியிலேயே இருக்கிறது. முகவரியிலே முன்னால் எந்தப் பெயர் வந்தாலும், ஊரைத் தீர்மானிப்பது இறுதியில் வரும் பெயரே. இணைய முகவரியும் அவ்வாறே. பெயர் தொடங்கிய பின் வரும் முதலாவது சாய்கோட்டுக்கு முன்னுள்ள இறுதிப் பகுதியையே பார்க்க வேண்டும். இலங்கை அரச நிறுவனங்களின் முகவரிகள் பொதுவாக ‘கவ் டொட் எல்கே’ என்று அவ்விடத்தில் முடிவடையும். தபாலின் பெயரோ கடையின் பெயரோ முன்னால் வந்து, அதன் பின் ஒரு புள்ளியும் அறியாத வேறொரு சொல்லும் ‘டொட் கொம்’ என்பதும் வருமாயின், அந்த வீடு அந்த அறியாத சொல்லுக்கு உரியவனின் வீடாகும். கைத்தொலைபேசியின் சிறிய திரையில் நீண்ட முகவரியின் தலைப்பகுதி மட்டும் தெரிந்து வாற்பகுதி மறைந்துவிடுவதும் உண்டு. கள்வர் இதனை நன்கு அறிவர்.

சிலர், முகவரிக்கு அருகே பூட்டின் படம் இருந்தால் அந்த இடம் நம்பகமானது என்று எண்ணுகின்றனர். அது தவறு. செல்லும் வழியில் எவரும் பிரித்துப் படிக்க முடியாது என்பதையே அந்தப் பூட்டுக் குறிக்கும். உறை நன்றாக ஒட்டப்பட்டிருக்கிறது, அவ்வளவே. உறையைப் பெறுபவன் நல்லவனா கள்வனா என்பதை ஒட்டு எவ்வாறு சொல்லும்?

மூன்றாவது, அவசரம். ‘இன்றே’, ‘இப்பொழுதே’, ‘24 மணி நேரத்துள்’ என்ற சொற்கள் தூண்டிலின் முள்ளாகும். யோசிக்க அவகாசம் கிடைத்தால் மனிதர் பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள், மகளிடம் காட்டுவார்கள். அதைத் தடுப்பதற்கே அவசரம் ஏற்படுத்தப்படுகிறது. உண்மையான நிறுவனம் ஒரு நாள் பொறுத்திருக்கும்.

நான்காவது, மொழிப்பிழை. இதன் பெறுமதியை உலகம் 2016 பெப்ரவரியிற் கண்டது. வங்காளதேச மத்திய வங்கியின் கணினிகளுக்குள், வேலை கேட்டு எழுதுவதுபோல் வந்த மின்னஞ்சல்களின் மூலம் முந்திய ஆண்டிலேயே கள்வர் நுழைந்திருந்தனர். நியூயோர்க்கில் அவ்வங்கிக்கு இருந்த கணக்கிலிருந்து ஏறக்குறைய 95 கோடி அமெரிக்க டொலரை எடுக்க அவர்கள் முயன்றார்கள். எட்டுக் கோடிப் பத்து இலட்சம் டொலர் பிலிப்பைன்சுக்குப் போய்விட்டது. இலங்கையிலுள்ள அமைப்பொன்றின் கணக்குக்கு வந்த இரண்டு கோடி டொலர் தடுக்கப்பட்டு மீட்கப்பட்டது. அமைப்பின் பெயரிலே ‘பவுண்டேசன்’ என்ற ஆங்கிலச் சொல் பிழையாக எழுதப்பட்டிருந்ததைக் கண்ட வங்கி ஊழியர் ஐயுற்று விசாரித்தமையே அதற்குக் காரணம். எழுத்துப் பிழையொன்றைக் கவனித்த கண் இரண்டு கோடி டொலரைக் காத்தது.

எனினும், பிழையைத் தேடும் முறை முன்னைப்போல இப்பொழுது பயன்தராது. சில ஆண்டுகளுக்கு முன்வரை, போலிக் கடிதத்தின் தமிழ் இயந்திரத் தமிழாக இருந்தது. வாசித்தவுடன் நகைப்பு வந்தது. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து, எழுதப் பழகிய செயற்கை நுண்ணறிவு எவர் கைக்கும் எட்டியபின், கள்வனுக்கும் நல்ல தமிழ் எழுத முடிகிறது. பிழை இருந்தால் ஐயுறலாம். பிழை இல்லை என்பதற்காக நம்பலாகாது.

படித்தவர் ஏமாறார், பாமரரே ஏமாறுவர் என்று கருதுவதும் பிழை. கூகுள், பேஸ்புக் ஆகிய பெருநிறுவனங்களுக்கு, அவை உண்மையில் வியாபாரம் செய்துவந்த நிறுவனமொன்றின் பெயரிற் போலிப் பட்டியல்களை மின்னஞ்சலில் அனுப்பி, 2013 முதல் 2015 வரையில் பத்துக் கோடி டொலருக்கு மேல் பெற்றுக்கொண்ட லித்துவேனியா நாட்டவர் ஒருவர், 2019ஆம் ஆண்டில் அமெரிக்க நீதிமன்றத்திற் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். கணினி உலகின் தலைவாசலிலே இருப்பவர்களே ஏமாந்தார்கள் என்றால், புதுக்குடியிருப்புத் தையற்காரி வெட்கப்படுவதற்கு என்ன இருக்கிறது?

இத்தனை அடையாளங்களையும் நினைவில் வைத்திருக்க இயலாதவர்க்கு ஒரேயொரு விதி போதும். வந்த கடிதம் திறந்து காட்டும் வாசலால் உள்ளே போகலாகாது. தாம் அறிந்த வழியாலேயே போகவேண்டும். கடையிலிருந்து கடிதம் வந்தால், அதிலுள்ள இணைப்பைத் தொடாமல், கடையின் செயலியைத் தாமே திறந்து, கட்டளையிட்ட பொருளின் நிலையைப் பார்க்கலாம். வங்கியிலிருந்து வந்தால், வங்கி அட்டையின் பின்புறத்தில் அச்சிடப்பட்டுள்ள இலக்கத்துக்குப் பேசலாம். கடிதத்தில் தரப்பட்ட இலக்கத்துக்குப் பேசலாகாது. ஒருமுறைக் கடவுச்சொல்லை எவருக்கும் சொல்லலாகாது; அதனோடு வரும் தொகையைப் படிக்காமற் பதியவும் கூடாது. முன்பின் அறியாத கடையாயின், பொருள் கைக்கு வந்தபின் காசு கொடுக்கும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம். இணையக் கொள்வனவுக்கென்று சிறு தொகை மட்டும் வைத்த தனிக்கணக்கொன்றை வைத்திருப்பதும் நன்று. விதைநெல்லையும் உணவு நெல்லையும் ஒரே மூடையிற் போட்டு வைக்கும் கமக்காரன் இல்லை.

இவ்வளவு செய்தும் ஒருவர் ஏமாந்துவிட்டால் என்ன செய்வது? முதலில், ஒரு கணமும் தாழ்த்தாமல் வங்கிக்கு அறிவித்து அட்டையை முடக்க வேண்டும். இரவென்றும் விடுமுறையென்றும் பார்க்கத் தேவையில்லை. அட்டையை முடக்குவதற்குரிய தொலைபேசிச் சேவை எந்நேரமும் உண்டு. அடுத்து, கடவுச்சொற்களை மாற்றவேண்டும். வந்த கடிதத்தை அழிக்கலாகாது, அது சான்று. பொலிசில் முறைப்பாடு செய்யவேண்டும். 2006ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட இலங்கைக் கணினி அவசர உதவிக் குழுவுக்கு 101 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிச் சட்டமும், 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும் இத்தகைய செயல்களைத் தண்டனைக்குரிய குற்றங்களாக்கியுள்ளன. போன பணம் யாவும் மீளும் என்று உறுதி கூற முடியாது. ஆனால் முதல் மணி நேரத்தில் அறிவித்தவருக்கும் மூன்றாம் நாள் அறிவித்தவருக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு.

அந்த மூன்று நாள் தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் நாணமே. ‘தமையன் கேட்டால் என்ன சொல்வேன்? அயலவர் நகைப்பார்களே’ என்று எண்ணி, இழந்தவள் வாயை மூடிக்கொள்கிறாள். கணவனை இழந்து தனியே குடும்பத்தைத் தாங்கும் பெண்கள் பலர் வாழும் வன்னியில் இந்த நாணத்தின் பாரம் இன்னும் அதிகம். அவள் மௌனமாக இருப்பதனால் அதே கடிதம் அடுத்த வீட்டிலும் வெற்றி பெறுகிறது. இழந்த பணத்தை மீட்டுத் தருவதாகக் கூறி, அதற்கு முற்பணம் கேட்கும் இரண்டாவது கள்வனும் அம்மௌனத்தையே பயன்படுத்துகிறான். ஏமாற்றியவனுக்கு உரிய வெட்கத்தை ஏமாந்தவர் சுமக்கத் தேவையில்லை. தமையனும் ‘எப்படி இவ்வளவு மடைத்தனமாய் இருந்தாய்’ என்று கேட்பதை விடுத்து, ‘வங்கிக்குச் சொல்லிவிட்டாயா’ என்று முதலிற் கேட்பானாயின், ஒரு குடும்பத்தின் சேமிப்பில் ஒரு பகுதியாவது தப்பக்கூடும்.

இரணைமடுவின் கீழும் வவுனிக்குளத்தின் கீழும் வயல் செய்பவர்கள் விதைநெல்லை அப்படியே நிலத்திற் கொட்டுவதில்லை. உப்புநீரில் இட்டு, மிதக்கும் பதரை நீக்கி, தாழ்ந்த மணியை எடுத்தே விதைக்கும் முறையை அறிந்தவர்கள் அவர்கள். அம்முறை நெல்லின்மேல் அவநம்பிக்கை கொண்டதனால் வந்ததன்று. விளைச்சலின்மேல் அக்கறை கொண்டதனால் வந்தது. கைத்தொலைபேசிக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் ஒரு நிமிடம் அந்த உப்புநீரில் இட்டுப் பார்க்கலாம். பதர் தானே மிதக்கும்.